சராசரிச் சம்பளம் 21,103 ரூபாயா? அரசுப் புள்ளிவிவரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சராசரி ஊதியம் பற்றி அரசு எண் ஒன்று செய்தியில் வந்த மறுநாளே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "இவ்வளவு கம்மியா?" என்று ஒருவர், "இவ்வளவு எவன் வாங்குறான்?" என்று இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். கொஞ்ச காலம் ஒப்பந்தத்தில் கணக்கெடுப்புக் களப்பணி பார்த்தவன், இப்போது அந்தத் தரவோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இந்தியாவில் சராசரிச் சம்பளம் எவ்வளவு?

2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில், முறையாகச் சம்பளம் வாங்குகிறவர்களின் சராசரி மாத வருமானம் 21,103 ரூபாய். அதே காலாண்டில் தினக்கூலிக்குப் போகிறவர்களின் சராசரி நாள் கூலி 433 ரூபாய். இதில் நூறு நாள் வேலை போன்ற அரசுப் பொதுப்பணிகள் சேராது.

ஒரே எண்ணாகக் கேட்டீர்கள், நான் இரண்டு கொடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக்க வழியில்லை. ஒன்று மாதக் கணக்கு, இன்னொன்று நாள் கணக்கு. ஒன்றில் இருக்கிறவர் வேறு, மற்றதில் இருக்கிறவர் வேறு. இந்த இரண்டிலும் அடங்காத பெருங்கூட்டம் ஒன்றும் உண்டு, சொந்தத் தொழில் செய்கிறவர்கள். அவர்கள் கதை கீழே வருகிறது.

இந்த எண்ணை எடுப்பது யார்?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கீழ் வரும் தேசிய புள்ளியியல் அலுவலகம். கணக்கெடுப்பின் பெயர் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. பி.எல்.எஃப்.எஸ். என்ற சுருக்கப் பெயரில்தான் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2017இல் தொடங்கியது. அதற்கு முன் 1972–73 முதல் சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடக்கும். அந்த வரிசையில் கடைசி 2011–12. நடுவில் சம்பளம் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல நாடு தழுவிய எண் இல்லாமல் வருடங்கள் ஓடின. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் இது.

2023–24 சுற்றில் 1,01,920 வீடுகள், 4,18,159 பேர். நாட்டில் இருக்கும் வீடுகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ மூவாயிரம் வீடுகளின் சார்பில் பதில் சொல்கிறது. "எங்க வீட்டுக்கு யாரும் வந்து கேட்கலையே" என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

வந்தால் என்ன கேட்கிறார்கள்?

வேலையைப் பொறுத்து கேள்வி மாறும். மாதச் சம்பளக்காரரிடம் போன காலண்டர் மாதத்து வருமானம். தினக்கூலிக்காரரிடம் கடந்த ஏழு நாளையும் ஒவ்வொரு நாளாக எடுத்து, அன்று வேலை இருந்ததா, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி. சொந்தத் தொழில்காரரிடம் கடந்த 30 நாளில் வந்த வருமானம்.

காகிதத்தில் படிக்கும்போது சுலபமாகத் தெரியும். வாசலில் நடப்பது வேறு. பகல் பதினொரு மணிக்குப் போனால் சம்பாதிக்கிறவர் வீட்டில் இருக்க மாட்டார். அவர் அம்மாவோ மனைவியோதான் இருப்பார். ஒரு வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "பதினாலு குடுப்பான் தம்பி." மகன் வாங்குவது பதினாலா, அல்லது அம்மா கையில் கொடுப்பது பதினாலா? அந்த "குடுப்பான்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் நான்கு கேள்வி கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. பெட்ரோலுக்கும் தவணைக்கும் எடுத்துக்கொண்டு மீதியை வீட்டில் கொடுக்கிறான். சம்பளம் பத்தொன்பது.

அதே போலத்தான் பிடித்தமும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக அக்கவுண்ட்டில் விழுந்த தொகையைத்தான் பெரும்பாலோர் சம்பளம் என்று சொல்வார்கள். கணக்கெடுப்பவர் பொறுமைசாலியாக இருந்தால் பிடித்தத்துக்கு முந்தைய தொகை கிடைக்கும். சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து வீடு முடிக்க வேண்டியவராக இருந்தால், சொன்னதை எழுதிக்கொண்டு போவார். ஒரு தனி வீட்டின் எண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டேன். லட்சம் வீட்டின் சராசரியை நம்புவேன், அதுவும் ஐந்நூறு ரூபாய் இப்படி அப்படி இருக்கும் என்ற நினைப்போடு.

"முறையான சம்பளக்காரர்" என்றால் கவர்ன்மென்ட், கம்பெனி ஆட்கள்தானே?

பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். அடுத்தவரிடம் வேலை செய்து, அன்றன்றைக்கு ஒப்பந்தம் புதுப்பிக்காமல், ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிற எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். நேரக் கணக்கில் வாங்கினாலும் சரி, பீஸ் ரேட்டில் வாங்கினாலும் சரி. முழுநேரம் ஆனாலும் பகுதிநேரம் ஆனாலும் சரி. சம்பளம் வாங்கும் அப்ரண்டிஸும் உண்டு.

ஆக, ஐகோர்ட் நீதிபதியும் இந்தப் பட்டியலில்தான். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்கும் அக்காவும் இதில்தான். தெருமுனை மருந்துக்கடையில் நிற்கும் பையனும், தனியார் நர்சரிப் பள்ளி டீச்சரும் இதிலேயே. 2023–24 கணக்கின்படி, விவசாயம் தவிர்த்த துறைகளில் முறையான சம்பளக்காரர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு எழுத்து மூலமான வேலை ஒப்பந்தமே கிடையாது. "முறையான" என்ற சொல் சம்பளம் வரும் ஒழுங்கைக் குறிக்கிறது. வேலையின் பாதுகாப்பை அல்ல.

எங்கள் ஆபீஸில் ஃப்ரெஷருக்கே முப்பதாயிரம். இந்த எண் பொய்தானே?

உங்கள் ஆபீஸ் உண்மை, இந்த எண்ணும் உண்மை. உங்கள் ஆபீஸ் கட்டடத்திலேயே இறங்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், கேன்டீன், கேப் டிரைவர் எல்லோரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். மாடிக்கு நாற்பது பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்றால், அவர்களை அங்கே உட்கார வைக்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும்.

இன்னொன்று: நீங்கள் சொல்லும் முப்பது சி.டி.சி.யா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா? சி.டி.சி.யில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் சேரும். கணக்கெடுப்பில் யாரும் சி.டி.சி. சொல்வதில்லை. சம்பளத்தைக் கேட்டால் சி.டி.சி.யைச் சொல்லும் இடம் கல்யாணத் தரகர் வீடு மட்டும்தான்.

வேலை தேடும் இணையதளங்கள் வெளியிடும் "சராசரிச் சம்பளம்" இன்னும் உயரமாக இருக்கும். அங்கே எண் கொடுப்பது அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள். பாத்திரம் தேய்க்கும் அக்கா அங்கே போய் தன் சம்பளத்தைப் பதிவதில்லை.

சராசரி, இடைநிலை என்று இரண்டு சொல்கிறார்களே, எதைப் பார்ப்பது?

திருப்பூரில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன பனியன் யூனிட்டை வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. ஹெல்பர் நான்கு பேர், ஆளுக்கு 11,000. டெய்லர் நான்கு பேர், ஆளுக்கு 16,000. சூப்பர்வைசர் 24,000. மேனேஜர் 75,000. மொத்தம் 2,07,000. பத்தால் வகுத்தால் சராசரி 20,700.

இப்போது அந்த யூனிட்டுக்குள் போய் 20,700 வாங்குகிற ஆளைத் தேடுங்கள். ஒருவரும் இல்லை. பத்தில் எட்டுப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். பத்துப் பேரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 16,000 என்பார். அதுதான் இடைநிலை. மேனேஜர் சம்பளம் நாளைக்கே ஒன்றரை லட்சமானால் சராசரி 28,200க்குப் போய்விடும். இடைநிலை 16,000லேயே நிற்கும்.

சம்பளம் என்பது எப்போதும் இப்படிச் சாய்ந்த விஷயம். கீழே ஒரு தரை உண்டு, மேலே கூரை கிடையாது. அதனால் சராசரி எப்போதும் நடுவாளின் தலைக்கு மேலேதான் மிதக்கும். அரசு அறிக்கையில் அட்டவணையாக அச்சாவது சராசரிதான். இடைநிலை வேண்டுமென்றால் அமைச்சகம் பெயர் நீக்கிப் பொதுவில் தரும் தரவுக் கோப்பை இறக்கி நாமே கணக்குப் போட வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் தரவிலிருந்து ஒரு பத்தி கூடுதலாக அச்சிட என்ன செலவாகிவிடும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

நாள் கூலி 433 என்றால் மாதம் 12,990, சரிதானே?

தவறு. நல்ல பத்திரிகைகளிலும் இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன். 433 என்பது வேலை கிடைத்த நாளுக்கான கூலி. வேலை கிடைக்காத நாள் அந்தச் சராசரிக்குள் வருவதில்லை. மாதத்தில் 18 நாள் வேலை கிடைத்த ஒருவருக்கு 7,794 ரூபாய்தான். மழை மாதத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவரைக் கேளுங்கள், 18 நாளே அதிகம் என்பார்.

2017இல் 16,538, 2024இல் 21,103. சம்பளம் ஏறியிருக்கிறது அல்லவா?

நோட்டில் ஏறியிருக்கிறது. ஏழு வருடத்தில் 27.6 சதவீதம். தினக்கூலி 294இலிருந்து 433, அதாவது 47 சதவீதம். அரசு அறிக்கைகளில் இந்த இரண்டு ஜோடி எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

இனி கடைக்குப் போவோம். 2017 ஜூலை–செப்டம்பரில் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் சுமார் 135. 2024 ஏப்ரல்–ஜூனில் சுமார் 188. அன்றைக்கு 100 ரூபாய்க்கு வாங்கிய அதே பையை நிரப்ப இன்றைக்கு 139 ரூபாய் வேண்டும். 16,538ஐ அதே கணக்கில் பெருக்கினால் 23,000 ரூபாயைத் தாண்டும். 2017இல் சராசரி மாதச் சம்பளத்தில் வாழ்ந்த வீடு 2024இலும் அதே மாதிரி வாழ 23,000 தேவை. கிடைத்தது 21,103. வாங்கும் சக்தியில் எட்டு சதவீதம் போல இறக்கம்.

தினக்கூலிக்கு இதே கணக்கைப் போட்டால் 294 என்பது 409 ஆக வேண்டும், ஆகியிருப்பது 433. அங்கே கொஞ்சம் ஏற்றம், ஐந்தாறு சதவீதம்.

இதுதான் எனக்கு அந்த அட்டவணையில் ஆச்சரியமான சங்கதி. மாதச் சம்பளம் வாங்குகிறவர்தான் பத்திரமாக இருக்கிறார், கூலிக்காரர் அல்லாடுகிறார் என்றுதான் நாம் பேசுவோம். தொகையைப் பார்த்தால் இன்னமும் அது சரிதான். ஆனால் விலைவாசியைத் துரத்திப் பிடித்தவர் கொத்தனாரும் வயல்வேலைக்காரரும். மாதச் சம்பளக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறார்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒப்பிட்டிருப்பது ஒரு ஜூலை–செப்டம்பரையும் ஒரு ஏப்ரல்–ஜூனையும். போனஸ், இன்கிரிமென்ட், விதைப்பு, அறுவடை எல்லாம் காலாண்டுக்குக் காலாண்டு மாறும். எட்டு சதவீதத்தில் ஒன்றிரண்டு இப்படி அப்படி ஆகலாம். வாங்கும் சக்தி ஏறவில்லை, இறங்கியிருக்கிறது என்ற திசை மாறாது.

எல்லாருக்கும் சம்பளம் ஏறியும் சராசரி இறங்க முடியுமா?

தாராளமாக. மேலே சொன்ன பனியன் யூனிட்டுக்கே திரும்புவோம். பத்துப் பேருக்கும் ஐந்து சதவீதம் ஏற்றிக் கொடுக்கிறார் முதலாளி. மொத்தம் 2,17,350. ஆர்டர் நன்றாக இருப்பதால் ஐந்து ஹெல்பர்களைப் புதிதாக எடுக்கிறார், ஆளுக்கு 11,550. மொத்தம் 2,75,100 ரூபாய், பதினைந்து பேர். சராசரி 18,340.

ஒருத்தர் சம்பளம்கூடக் குறையவில்லை, ஐந்து பேருக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. சராசரி மட்டும் 20,700இலிருந்து 18,340க்கு விழுந்துவிட்டது. செய்தித் தலைப்பு "திருப்பூரில் சம்பளம் 11 சதவீதம் சரிவு" என்று வரும்.

இதன் தலைகீழ் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்தது. ஊரடங்கில் ஒரே மாதத்தில் இரண்டு கோடிக்கும் மேல் வேலைகள் போயின. அதே மாதம் சராசரி மணிநேர ஊதியம் 1.34 டாலர் ஏறி 30.01 டாலரானது. யாருக்கும் யாரும் ஏற்றிக் கொடுக்கவில்லை. ஓட்டலிலும் கடையிலும் குறைந்த சம்பளத்துக்கு நின்றவர்கள் கணக்கிலிருந்தே வெளியேறினார்கள், மிச்சமிருந்தவர்களின் சராசரி உயர்ந்தது. சராசரி திடீரென்று குதித்தால் நான் முதலில் பார்ப்பது ஆள் எண்ணிக்கையைத்தான்.

மேலே சொன்ன எட்டு சதவீத இறக்கத்திலும் இதற்குப் பங்கு இருக்கலாம். குறைந்த சம்பளத்தில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சராசரியைக் கீழே இழுப்பார்கள். பழைய ஆள் ஒவ்வொருவருக்கும் சம்பளம் தேய்ந்தது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள்?

வேலை செய்கிறவர்களில் 2023–24இல் 58.4 சதவீதம் பேர் இவர்கள். மாதச் சம்பளக்காரர் 21.7 சதவீதம், தினக்கூலிக்காரர் 19.8 சதவீதம். நாட்டின் "சராசரிச் சம்பளம்" என்று தலைப்பில் வரும் எண் ஐந்தில் ஒருவரைப் பற்றியது என்பதை இங்கே நிறுத்திக் கவனியுங்கள்.

இவர்களின் வருமானத்தையும் கேட்கிறார்கள். ஆனால் மூன்று வகையிலும் ஆட்டம் அதிகமுள்ள எண் இதுதான். டீக்கடைக்காரரிடம் போன 30 நாளில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்டால் கல்லாவில் விழுந்ததைச் சொல்வார். பால், சர்க்கரை, கேஸ், வாடகை, தவணை கழித்து எவ்வளவு என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும். விவசாயியிடம் அறுப்பு மாதத்தில் கேட்டால் ஒரு பதில், நடவு மாதத்தில் கேட்டால் கடன்தான் பதில். கடையில் உட்காரும் மனைவி, பள்ளி விட்டு வந்து டம்ளர் கழுவும் மகன் ஆகியோருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுகிறவர்கள் வேலை செய்கிறவர்களாக எண்ணப்படுவார்கள், வருமானச் சராசரியில் வர மாட்டார்கள்.

தொழிற்சாலைகளிடமே நேராகக் கேட்டால் துல்லியமாகக் கிடைக்காதா?

கேட்கிறார்கள். அதற்கு ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுப்பதால், வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லும் பதிலைவிடத் துல்லியம். 2023–24இல் சுமார் 1.95 கோடிப் பேர் வேலை செய்யும் ஆலைகளை அது பிரதிநிதித்துவம் செய்கிறது. தொழிற்சாலை வேலைவாய்ப்பில் தமிழ்நாடுதான் முதலிடம்.

ஆனால் அந்தச் சுற்றில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி பதிவான ஆலைகள்தான் இதன் அடிப்படை. மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது. வீட்டு மாடியில் ஆறு மெஷின் போட்டுத் தைக்கும் யூனிட் இதில் கிடையாது. இதைப் படிக்கும்போது "தொழிலாளர்" என்ற பத்தியையும் "பணியாளர்" என்ற பத்தியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னதில் மேனேஜர்களும் அலுவலக ஆட்களும் சேர்வார்கள், எண் பெரிதாகிவிடும். தொழிலாளர் பத்தியில் கான்ட்ராக்ட் ஆட்களும் உண்டு, ஏறத்தாழ ஐந்தில் இருவர்.

கிராமத்துக் கூலிக்குத் தனிக் கணக்கு உண்டா?

உண்டு. தொழிலாளர் பணியகம் மாதிரிக்கு எடுத்த கிராமங்களிலிருந்து, உழவு, நடவு, தச்சு, கொத்து என 25 வகை வேலைகளுக்கு மாதாமாதம் கூலி விகிதம் எடுக்கிறது. இது வருமானம் அல்ல, அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்பிலுள்ள கூலி. ரிசர்வ் வங்கி தன் கையேட்டில் இதையே மாநில வாரியாகத் தருகிறது. 2022–23இல் ஆண் விவசாயத் தொழிலாளிக்கு நாள் கூலி தேசிய அளவில் 345.7 ரூபாய், கேரளத்தில் 764.3, மத்தியப் பிரதேசத்தில் 229.2. பாலக்காடு போகும் ரயிலில் யார் ஏறுகிறார்கள், ஏன் ஏறுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் பார்த்ததில்லை.

பி.எஃப். அலுவலகத்திடம் எல்லார் சம்பளமும் இருக்கிறதே?

2018 ஏப்ரலிலிருந்து அவர்கள் மாதாமாதம் வெளியிடுவது எத்தனை பேர் சேர்ந்தார்கள், விலகினார்கள் என்ற கணக்கு. சராசரிச் சம்பளம் அதில் கிடையாது. வெளியிட்டாலும் நான் ஜாக்கிரதையாகத்தான் தொடுவேன். பி.எஃப். கட்டாயமாகும் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக வைக்கப்பட்டது. இ.எஸ்.ஐ.க்கு 2017 ஜனவரியில் 21,000. இப்படி வரம்பு இருக்கும் இடத்தில் சம்பளம் வரம்பைப் பார்த்து வளையும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து, மீதியை அந்த அலவன்ஸ் இந்த அலவன்ஸ் என்று பிரித்துப்போடும் வித்தை சம்பள ஸ்லிப்பைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சராசரி ஊதியமும் குறைந்தபட்ச ஊதியமும் ஒன்றா?

இல்லை. முன்னது நடந்ததை எண்ணிப் பார்ப்பது, பின்னது சட்டம் போட்ட கோடு. மத்திய அரசின் தேசிய அடித்தள ஊதியம் 2017 ஜூனில் நாளொன்றுக்கு 176 ரூபாய் என்று வைக்கப்பட்டது. 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு 375 ரூபாய் பரிந்துரைத்தது. அந்த எண் ஏற்கப்படவில்லை. நூறு நாள் வேலைக்கான கூலி இதிலிருந்தும் வேறு. தமிழ்நாட்டுக்கு 2024–25இல் 319 ரூபாய்.

ஆண், பெண் வித்தியாசம் தெரியுமா?

மூன்று வகைக்கும் தனித்தனியாக அச்சாகிறது. மூன்றிலும் பெண்களுடையது குறைவு. இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது சொந்தத் தொழிலில். ஒரே வேலைக்கு இரண்டு கூலியா, அல்லது பெண்களுக்குக் கிடைக்கும் வேலையே வேறா என்று சராசரி மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டட வேலையில் கொத்தனார் ஆண், சித்தாள் பெண். இருவருக்கும் கூலி வேறு. பெண் ஏன் இருபது வருடமாகச் சித்தாளாகவே இருக்கிறாள் என்ற கேள்விக்கு அட்டவணையில் பத்தி கிடையாது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரிப் பிடித்தப் பதிவேட்டில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவரைப் பொறுக்கி, அவருடைய முதலாளியிடம் சம்பளத்தைக் கேட்கிறார்கள். தலைப்பில் வைப்பது இடைநிலை: 2024 ஏப்ரலில் முழுநேர ஊழியருக்கு வாரம் 728 பவுண்ட். கிட்டத்தட்ட எல்லா ஊழியரும் பதிவேட்டில் இருக்கும் ஊரில் அது சாத்தியம். நம் ஊரில் பதிவேட்டை மட்டும் நம்பினால் பாத்திரம் தேய்க்கும் அக்கா காணாமல் போய்விடுவார். வீடு வீடாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

என் மாவட்டத்துக்கு எண் கிடைக்குமா?

2025க்கு முன்பு வரை மாநில அளவில்தான். 2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பின் வடிவத்தை மாற்றி, மாவட்டத்தை அடிப்படை அலகாக்கியிருக்கிறார்கள். வீடுகளின் எண்ணிக்கை சுமார் 2.72 லட்சம் ஆகியிருக்கிறது. ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் போகிறார்கள். ஜூலை–ஜூன் என்றிருந்த ஆண்டு ஜனவரி–டிசம்பர் ஆகிவிட்டது. முன்னேற்றம்தான். ஆனால் 2025க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வைத்து கிராஃப் போடுகிறவர்கள் நடுவில் ஒரு புள்ளிக்கோடாவது கிழித்துவிடுங்கள்.

இன்கிரிமென்ட் கேட்கப் போகும்போது இந்த எண்ணை மேனேஜரிடம் காட்டலாமா?

21,103ஐக் காட்டாதீர்கள். அதைவிட அதிகம் வாங்குகிறீர்கள் என்றால் அவரே திருப்பி உங்களிடம் காட்டுவார். உங்களுக்குப் பயன்படுவது விலைவாசிக் கணக்கு. கடைசியாகச் சம்பளம் ஏறிய மாதத்துக் குறியீட்டு எண்ணையும் இந்த மாதத்து எண்ணையும் எடுங்கள். இந்த மாதத்து எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து, வருவதைப் பழைய சம்பளத்தால் பெருக்குங்கள். வருவதுதான் நின்ற இடத்திலேயே நிற்பதற்கான சம்பளம். அதற்குக் கீழே கொடுத்தால், அது இன்கிரிமென்ட் என்ற பெயரில் நடக்கும் சம்பளக் குறைப்பு. அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி கணக்குப் போடுவதும் ஏறத்தாழ இதே முறையில்தான், தொழிலாளர் பணியகம் எடுக்கும் ஆலைத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்து.

வீட்டுக்கு வந்து கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டுமா? இன்கம் டாக்ஸுக்குப் போய்விடாதா?

போகாது. 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின்படி, சொல்லும் தகவலைப் புள்ளிவிவரத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தலாம். பொதுவில் வரும் கோப்பில் பெயரும் முகவரியும் இருக்காது. வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், தயங்காமல் காட்டுவார். ஆதார் எண்ணோ வங்கி ஓ.டி.பி.யோ கேட்டால் அவர் கணக்கெடுக்க வந்தவர் இல்லை, கதவைச் சாத்திவிடுங்கள். மற்றபடி சம்பள ஸ்லிப் பக்கத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள். வெயிலில் அலைந்து வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தால் அந்த நான்கு கேள்வியையும் பொறுமையாகக் கேட்பார்.